மூன்றாவது மாடிக்கு

திருநெல்வேலி நகரம்
5.1.2025

அன்பு நண்பர் முத்தையாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உம்முடைய சர்க்கரை அளவையும் பேரனின் படிப்பையும் உம் மகனிடமே விசாரித்துவிட்டேன். எனவே அவற்றுக்கு இங்கே இடம் தரவில்லை. மதினியின் பதினாறாம் நாளுக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, "அடுத்த வாரம் பேசுகிறேன்" என்று சொல்லிப் புறப்பட்ட நான் எட்டு மாதமாகப் பேசவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பதே உண்மை. ஆனால் எந்தச் செக்கிங் இன்ஸ்பெக்டரும் அதை ஒரு சமாதானமாக ஏற்கமாட்டார். போன வாரம் உம் மகன் அழைத்து, "அப்பா மூன்று மாதமாகக் கீழே இறங்கவே இல்லை, சன்னலோரத்தில் உட்கார்ந்தபடியே இருக்கிறார்" என்றான். அதைக் கேட்ட பிறகும் எழுதாமல் இருந்தால், நான் டிரைவராகவும் நீர் கண்டக்டராகவும் ஒரே பேருந்தில் ஓடிய நாளில் கோழிக்கூடை விவகாரத்தில் நீர் என்னைக் காப்பாற்றியது வீண்.

மருத்துவம் படிக்கும் என் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது ஒரு செய்தி சொன்னாள். அன்று முதல் அது என்னை விடவில்லை. ஜெர்ரி மோரிஸ் என்றொரு மருத்துவர், லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சுமார் 31,000 பேரின் நெஞ்சுநோய்க் கணக்கை எடுத்து 1953இல் வெளியிட்டாராம். அங்கே ஓடியவை மாடிப் பேருந்துகள். டிரைவர் டூட்டி நேரத்தில் பெரும்பகுதியும் உட்கார்ந்தே இருக்க, கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது படிகள் வரை ஏறி இறங்கியிருக்கிறார். ஒரே பேருந்து, ஒரே புகை, ஒரே சம்பள வர்க்கம். ஆயினும் நெஞ்சுநோய் கண்டக்டர்களுக்குக் குறைவாகவும், வந்தாலும் வயது கடந்தும் வந்திருக்கிறது. அந்த மனிதர் அத்துடன் நிற்கவில்லை. டிரைவர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவைத் தேடி எடுத்து, இளவயதிலேயே அவர்களுக்கு இடுப்பு பெருத்திருந்தது என்று 1956இல் மீண்டும் எழுதினார். நோய் இருக்கையிலிருந்து வந்ததா, அல்லது பெருத்த இடுப்புக்காரர்களே இருக்கையைத் தேடிப் போனார்களா என்று தம்முடைய முடிவையே தாம் சந்தேகித்த அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. என் காக்கிக் கால்சட்டையைப் பார்த்து நம் டிப்போ தையற்காரர் சொன்ன சொல்லை நீர் இருபது ஆண்டுகள் ஊரெங்கும் பரப்பினீரே, அதற்கு இப்போதுதான் ஆதாரம் கிடைத்திருக்கிறது. மோரிஸ் 2009இல் இறந்தபோது அவருக்கு வயது 99.

இதைப் படித்தபோது, பாபநாசம் வண்டியில் நாம் ஓடிய ஆண்டுகள் எல்லாம் வேறாகத் தெரிந்தன. சேரன்மகாதேவியிலும் வீரவநல்லூரிலும் கல்லிடைக்குறிச்சியிலும் ஏறிய கூட்டத்துக்குள் முன்படிக்கும் பின்படிக்குமாக நீர் நீந்திக்கொண்டிருக்க, நான் ராஜாவைப் போல உட்கார்ந்திருந்தேன். இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. உட்கார்ந்தவன் நடக்கிறேன், நடந்தவர் உட்கார்ந்துவிட்டீர்.

நான் நடக்கத் தொடங்கியதும் ஞானத்தால் அல்ல, பயத்தால். ஓய்வுபெற்ற பிறகு விடியற்காலை நான்கரை மணிக்கே விழிப்புத் தட்டும். உடனே கைபேசியை எடுப்பேன். யாரோ இறந்தார், எங்கோ விபத்து, எவனோ எவனையோ திட்டினான் என்று அரைமணி நேரத்தில் மனம் பழைய டயர்போலத் தேய்ந்துவிடும். பிறகு காப்பியில் சூடு இல்லை என்று வீட்டுக்காரியிடம் எரிந்து விழுவேன். ஒருநாள் கண்ணாடித் தம்ளரை உடைத்ததற்காகச் சின்னப் பேரனை நோக்கிக் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தை சுவரோடு சுவராக ஒட்டி நின்ற நிற்பை நான் மறக்க முடியாது. இதை உம்மிடம் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து, காப்பி குடித்து முடிக்கும்வரை கைபேசியைத் தொடுவதில்லை என்றும், குடித்த தம்ளரைக் கழுவி வைத்த கையோடு குறுக்குத்துறைப் படித்துறைக்கு நடந்துவிடுவது என்றும் வைத்துக்கொண்டேன். அது 2023 ஐப்பசியில். "நாளை முதல் நடப்பேன்" என்று முன்பு நூறு முறை தீர்மானித்தபோது நடக்காதது, இப்போது மட்டும் எப்படி நடந்தது என்று பேத்தியைக் கேட்டேன். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றின் வாலில் புதியதைக் கட்டிவிட வேண்டும், அதுதான் சூட்சுமம் என்றாள். லண்டனிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் 96 பேரைக் கொண்டு இதைப் பார்த்திருக்கிறார்கள். காலை உணவுக்குப் பின் ஒரு தம்ளர் தண்ணீர் என்பதுபோல ஆளுக்கொரு சிறு பழக்கம். அது தானாக நிகழும் நிலைக்கு வரச் சிலருக்குப் பதினெட்டு நாள் போதுமாக இருந்தது; சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கு வந்தது; நடுவில் எடுத்தால் அறுபத்தாறு. இடையில் ஒருநாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லையாம். நான் தவறியதோ பதினொரு நாள்! அதே ஆண்டு டிசம்பர் 17, 18இல் வந்த வெள்ளம் உமக்குத் தெரியும். ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள் தாமிரபரணி புகுந்தது. பன்னிரண்டாம் நாள் போனேன். குறுக்குத்துறை முருகன் கோயிலில் ஆட்கள் சேற்றை வாளி வாளியாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ வெள்ளம் பார்த்த கோயில். அவர்களிடம் பதற்றமே இல்லை. நானும் ஒரு வாளியைப் பிடித்தேன். அன்று இரவு மாத்திரை இல்லாமல் உறங்கினேன்.

இன்னொரு பழக்கம் உம்மிடமிருந்து திருடியது. கலெக்‌ஷன் கட்டி, கணக்கு நேராகும்வரை நீர் படுக்கமாட்டீர். ஐம்பது காசு உதைத்ததற்காக என்னையும் டிப்போவில் காக்கவைத்ததை நான் மன்னிக்கவில்லை. இப்போது நான் இரவில் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுகிறேன். இன்று யாரிடம் மனம்விட்டுப் பேசினேன், எந்தக் கவலை மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான். கவலை தீர்வதில்லை, ஆனால் காகிதத்தில் ஏறிய கவலை தலையணைக்கு வருவது குறைந்திருக்கிறது. முதல் வரி பல நாள் வெறுமையாகவே இருந்ததைப் பார்த்துத்தான், பால்காரரிடமும் படித்துறையில் துணி துவைப்பவர்களிடமும் வலியப் போய்ப் பேசத் தொடங்கினேன்.

முத்தையா, இவையெல்லாம் மதினி இல்லாத வீட்டை நிரப்பிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அப்படி எவனாவது சொன்னால் அவனை வண்டியை விட்டு இறக்கிவிடும். நாற்பத்தோராண்டு உம் டூட்டி முடிந்து வரும் நேரம் பார்த்து உலை வைத்தவர் போன பிறகு, எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று உமக்குத் தோன்றுவது நியாயம்தான். உட்கார்ந்து அழும், நான் தடுக்கவில்லை. ஆனால் காலைப் பாலை மருமகள் வாங்கி வருவதாகக் கேள்வி. அந்த வேலையை நாளையிலிருந்து நீர் எடுத்துக்கொள்ளும். பல் துலக்கியதும் பை எடுக்க வேண்டியது, இறங்க வேண்டியது. போகும்போது லிஃப்ட் வேண்டாம். மூட்டு வலித்தால் ஏறும்போது மட்டும் அதில் வாரும். லண்டன்காரன் எழுநூறு படி ஏறினான் என்பதற்காக நீரும் ஏறிக் காட்டிவிடாதீர். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும்.

தை பிறந்த மறுவாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறேன். விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, நீர் பால் வாங்கும் கடை வாசலில் நிற்பேன், மாடிக்கு வரமாட்டேன். அல்வா கொண்டுவருகிறேன், மருமகள் கண்ணில் படாமல் அதைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு உம்முடையது. உம் பழைய விசில் இன்னும் இருக்கிறதா? இருந்தால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கும்.

அன்புடன்,
உம் டிரைவர்