முதல் நாளே சொல்லிவிடுங்கள்: தமிழ்நாட்டின் மனநல மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனநல மருத்துவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். தன்பால் ஈர்ப்புள்ளவர்களும் திருநங்கையரும் திருநம்பியரும் (பிறப்பில் பெண் என்று பதியப்பட்ட ஆண்கள்) முதன்முறையாக உங்களைப் பார்க்க வரும்போது துணைக்கு வருகிறவர்களில் நானும் ஒருத்தி. நானும் தன்பால் ஈர்ப்புள்ளவள். உங்கள் அறை வாசலில் காத்திருக்கும்போது அவர்கள் என்னிடம் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். உள்ளே போனால் என்ன கேட்பாங்க? அம்மாகிட்ட சொல்லிடுவாங்களா? மாத்திரை கொடுத்து மாத்தப் பார்ப்பாங்களா? ஷாக் வைப்பாங்களா?

இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதுவும் வந்தவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கும் முன்பே. இந்த மடலில் நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

அவர்களுடைய பயம் வீண் பயமல்ல. கோயில், தர்கா, ஜெபக்கூட்டம் என்று எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஆட்கொணர்வு வழக்கை நினைத்துப் பாருங்கள். 25 வயதுப் பெண்ணை அவருடைய குடும்பமே பிடித்து வைத்திருந்தது. அடித்தார்கள், 'சரியாக' வேண்டும் என்று சடங்குகளுக்கு உட்படுத்தினார்கள் என்று அவர் நீதிபதிகளிடம் சொன்னார். இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறவர்கள் உங்கள் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்கள்.

தன்பால் ஈர்ப்பு நோயல்ல என்பதை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-லும், உலக சுகாதார நிறுவனம் 1990-லும், இந்திய மனநல மருத்துவச் சங்கம் 2018-லும் தெளிவாக்கிவிட்டன. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு, பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை விதித்தது. மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம், மருத்துவர்கள் அதைச் செய்தால் தொழில்முறை ஒழுங்கீனம் என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. விடிகாலை பஸ் பிடித்து வருகிற கல்லூரிப் பிள்ளைக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், எதிரே உட்கார்ந்திருக்கும் டாக்டர் இதை ஏற்றுக்கொண்டவரா என்பதை அவர் எப்படி அறிவார்? "இது நோய் இல்லை. இதை மாத்துறதுக்கு நான் எதுவும் செய்ய மாட்டேன். நீங்க எதுக்காக வந்தீங்களோ அதைப் பத்திப் பேசலாம்." இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொன்ன பிறகு அவர்கள் முதுகு நாற்காலியில் சாய்வதை நீங்களே பார்க்கலாம்.

அடுத்தது ரகசியம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் காயப்படுவது இங்கேதான். கட்டணம் கட்டுவது அப்பா, பிள்ளையைக் கூட்டி வருவது அம்மா, வெளியே காத்திருப்பது மாமா என்றால், உள்ளே பேசியது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி தானாக எழும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23-ல் இதற்கு விடை வைத்திருக்கிறது: ரகசியம் சிகிச்சை பெறுகிறவரின் உரிமை. வயது வந்த ஒருவர் சொன்னதை, "பெத்தவங்க பாவம்" என்ற இரக்கத்தில்கூட நீங்கள் வெளியே சொல்லக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் ஒருவரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும். நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த விதிவிலக்குகளையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறிப்பாகப் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளிடம். போக்சோ சட்டப்படி, சிறார் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர்கள் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். விருப்பத்தோடு நடந்தது என்பதை அந்தச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிய பிறகு இதைச் சொன்னால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது. எதைச் சொன்னால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்தால், எதைச் சொல்வது என்பதை அதுவே தீர்மானித்துக்கொள்ளும்.

யார் பார்க்கும்படி குறிப்பு எழுதுகிறீர்கள், மருந்துச் சீட்டில் என்ன இருக்கும், ரசீது எந்தப் பெயரில் வரும், அடுத்த சந்திப்பை நினைவூட்டும் வாட்ஸ்அப் செய்தி யாருடைய போனுக்குப் போகும் என்பவையும் இதில் அடக்கம். வீட்டு மேசையில் கிடந்த ஒரு சீட்டு போதும், ஒருவர் படிப்பை நிறுத்த.

பெயரைக் கேளுங்கள். அட்டையில் இருக்கும் பெயர் ஒன்றாகவும் அவர் சொல்லும் பெயர் வேறாகவும் இருந்தால், அவர் சொல்வதைக் கொண்டே கூப்பிடுங்கள், வரவேற்பில் இருப்பவரிடமும் சொல்லி வையுங்கள். "உக்காரும்மா", "சொல்லுப்பா" என்று அன்பாகத்தான் தொடங்குகிறீர்கள். ஆனால் திருநம்பி ஒருவருக்கு அந்த 'ம்மா' கன்னத்தில் விழும் அறை. "எப்படிக் கூப்பிடட்டும்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் தீர்ந்தது.

"எப்போதிலிருந்து இப்படி? சின்ன வயசில யாராவது ஏதாவது செஞ்சாங்களா? அப்பா வெளிநாட்டில் இருந்தாரா?" என்று காரணம் தேடும் கேள்விகள் வேண்டாம். வந்தவர் தூக்கமில்லை என்று வந்திருக்கலாம். மேலாளர் கொடுமை, காதல் முறிவு, அரியர் என்று எதற்காகவும் வந்திருக்கலாம். அதைக் கேளுங்கள். மறைத்து வாழ்வது தனியாக ஒரு பாரம் ஏற்றுகிறது என்பதும் உண்மை. இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-ல் எழுதிய சிறுபான்மை மன அழுத்தக் கோட்பாடு இதைத்தான் சொல்கிறது: நேரடி அவமானம் ஒரு பங்கு என்றால், எப்போது வருமோ என்று எந்நேரமும் காத்திருப்பது இன்னொரு பங்கு. சொந்தக்காரர் கல்யாணத்தில் "அடுத்து உனக்குத்தான்" என்று பத்துப் பேர் சொல்லச் சிரித்துவிட்டு வருகிறவருக்கு அன்றிரவு தூக்கம் வராது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவரைத்தான் நாங்கள் தேடி அலைகிறோம்.

ஏற்பு என்றால் சொல்வதற்கெல்லாம் ஆமாம் சாமி போடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. குடிக்கிறவரிடம் குடியைப் பற்றிப் பேசுங்கள், அடிக்கிற துணையோடு இருப்பவரிடம் அந்த அடியைப் பற்றிப் பேசுங்கள். வந்த சில வாரங்களில் மனம் லேசாவதற்குப் பதிலாகக் கனக்கலாம், பல வருடம் மூடி வைத்தது வெளியே வரும்போது அப்படித்தான் இருக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடுவார்கள். ஓர் அமர்வு முக்கால் மணி நேரமா, ஒரு மணி நேரமா, கட்டணம் எவ்வளவு, குறைத்துக் கேட்க வழி உண்டா என்பதையும் அவர்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள். "வீட்டில் சொல்லிவிடு, மனசு லேசாகும்" என்று மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். சொன்னால் இரவு எங்கே தங்குவது, ஃபீஸ் யார் கட்டுவது என்று தெரியாத வரை சொல்லாமல் இருப்பதும் நல்ல முடிவுதான்.

மாத்திரை எழுதினால், எதற்கு என்று சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து உண்டு, ஈர்ப்பை மாற்ற மருந்து கிடையாது. இதை வாய்விட்டுச் சொல்லாததால் மாத்திரையைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

இனி குடும்பம். பெற்றோர் உங்கள் எதிரிகள் அல்ல, எங்கள் எதிரிகளும் அல்ல. நான் சொன்ன 2021 வழக்கில், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களையும் அவர்களுடைய பெற்றோரையும் நீதிபதி ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். இளம்பெண்களுக்குத் தங்கள் உறவு பற்றித் தெளிவு இருந்தது, பெற்றோரை வாட்டியது ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் என்று அவர் அறிக்கை கொடுத்தார். அதற்குப் பிறகு நீதிபதி தாமே ஓர் உளவியலாளருடன் உட்கார்ந்து இதைப் பற்றிக் கற்றுக்கொண்டார். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் "எனக்கு இன்னும் புரிய வேண்டும்" என்று போய் உட்கார்ந்ததைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு அப்பா அம்மாவுக்கும் நீங்கள் எடுத்துச் சொல்லலாம். ஆனால் பெற்றோருடன் தனியாக உட்காருங்கள், பிள்ளையின் சம்மதத்தோடு மட்டும் சேர்த்து உட்கார வையுங்கள். "ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்ற வாக்கியம் உங்கள் அறையிலிருந்து வெளியே போகவே கூடாது. அது இரண்டு பேரின் வாழ்க்கையைக் கெடுக்கும். குடும்பம் என்று ஒருவர் தன் தோழியையோ, ஒரு திருநங்கை தன் குரு அம்மாவையோ அழைத்து வந்தால் அவர்களையும் உள்ளே விடுங்கள். நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்று அந்த 2025 தீர்ப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

திருநங்கையரும் திருநம்பியரும் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சைக்கு முன் உங்களிடம் மதிப்பீட்டுக் கடிதம் கேட்டு வருகிறார்கள். கடிதம் கையில் வரும்வரை உண்மையைப் பேச யாருக்குத் துணிவு வரும்? மனச்சோர்வு என்று சொன்னால் கடிதம் தள்ளிப்போகுமோ என்று மறைப்பார்கள். மதிப்பீட்டுக்கு எத்தனை சந்திப்பு, எதைப் பார்ப்பீர்கள், எவ்வளவு ஆகும் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். முடிந்தால் கடிதம் தருபவரும் தொடர்ந்து ஆலோசனை தருபவரும் வேறு வேறாக இருக்கட்டும்.

அரசு மருத்துவமனைகளில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், மேசைக்குப் பின்னாலேயே அடுத்த டோக்கன் நிற்கும், கதவும் திறந்தே இருக்கும். உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. அந்தச் சில நிமிடங்களில் முழுக் கதையையும் கேட்க வேண்டாம். கதவைச் சாத்துங்கள், இது நோயல்ல என்று சொல்லுங்கள், கூட்டம் குறையும் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். இரவில் தனியாகத் தவிக்கிறவருக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஒவ்வோர் அறைச் சுவரிலும் மேலே சொன்னவற்றைத் தமிழில் ஒரு பக்கமாக ஒட்டி வைக்க சுகாதாரத் துறை முன்வரலாம். என்ன சொற்களைப் போடுவது என்ற குழப்பத்துக்கும் இடமில்லை. எங்களைப் போன்ற பால்புதுமையினரைக் (தன்பால் ஈர்ப்புள்ளவர்கள், திருநர் உள்ளிட்டோர்) குறிப்பிட வேண்டிய சொற்களை அரசே 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டிருக்கிறது.

இதில் பயிற்சி இல்லாதவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். கல்லூரியில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். "இதில் எனக்கு அனுபவம் குறைவு, தெரிந்த ஒருவரிடம் அனுப்புகிறேன்" என்று சொல்வதில் தவறில்லை. பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் 'சென்னையில் பாருங்கள்' என்று மட்டும் எழுதித் தராதீர்கள். யாரிடம், எந்த நேரத்தில், எவ்வளவு கட்டணம் என்று நீங்களே போன் போட்டுக் கேட்டு அனுப்புங்கள். அங்கே போய்ச் சேர்ந்தாரா என்று அடுத்த வாரம் ஒருமுறை விசாரியுங்கள்.

அன்புடன்,
துணைக்கு வருகிறவர்களில் ஒருத்தி