2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குருவானவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே,

கடந்த பொதுக்கூட்டத்தின் அறிக்கை வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட நிலையில், 2024 தை முதல் மார்கழி வரை எமது திருச்சபை வாலிபர் சங்கம் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் உங்கள் முன் சமர்ப்பிக்கிறேன்.

ஆண்டின் தியான வசனமாக 1 பேதுரு 3:15 தெரிவுசெய்யப்பட்டது. "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று தை மாதக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டபோது, உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர், "நாங்கள் ஆருக்கு உத்தரவு போடுறது?" என்று கேட்டுச் சிரிப்பை மூட்டினார். பழைய மொழிபெயர்ப்பில் உத்தரவு என்பது மறுமொழியைக் குறிப்பதென்றும், கிரேக்க மூலத்திலுள்ள சொல் குற்றஞ்சாட்டப்பட்டவர் மன்றில் தம் பக்கத்தை எடுத்துரைப்பதற்கு வழங்கியதென்றும், எருசலேமில் மக்கள் முன் பவுல் பேசத் தொடங்கும் இடத்தில் அதே சொல் "நியாயங்கள்" எனத் தமிழில் வருகிறதென்றும் குருவானவர் விளக்கினார். கேள்வி மற்றவரிடமிருந்து வரவேண்டும், அதன் பின்னரே எமது முறை என்பதை அன்று பிடித்துக்கொண்டோம். எனவே பேச்சாளர்களை முன்கூட்டியே நிரலிடும் வழமையைக் கைவிட்டு, பாடசாலையிலும் ரியூசன் வகுப்பிலும் வேலைத்தலத்திலும் எம்மவரிடம் உண்மையில் கேட்கப்பட்ட கேள்விகளைத் துண்டுக் கடதாசியில் எழுதி ஒரு பெட்டியில் இடுமாறு கேட்டோம். படைப்பும் பரிணாமமும் பற்றிய கேள்விகளே குவியும் என நான் எண்ணியிருந்தேன். அவ்வாறு வந்தவை இரண்டே.

சித்திரை மாதத்தில், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் ஐந்தாம் ஆண்டு நினைவையொட்டி, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயம் ஆகியவற்றில் இறந்தோருக்காக மன்றாடினோம். "ஆராதிக்கப் போனவர்களைக் கடவுள் ஏன் காக்கவில்லை?" என்ற துண்டு அன்று வாசிக்கப்பட்டது. 1995 ஆடி 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் குண்டு விழுந்த நாளை நேரில் கண்ட மூத்த அங்கத்தவர் ஒருவர் எழுந்து, அதன் பின்னரும் தாம் எப்படிச் செபித்தார் என்பதை மட்டும் சொல்லி அமர்ந்தார். அதற்கு மேல் விளக்கம் கூற எவரும் முற்படவில்லை. அது சரியென்றே கருதுகிறேன்.

வைகாசிக் கூட்டத்தைச் சற்று விரிவாக எழுதவேண்டும். பெட்டியில் கிடந்த ஒரு கேள்வி: "நீங்கள் எங்கள் கோவிலைப் பழித்துத்தானே யாழ்ப்பாணத்துக்கு வந்தீர்கள்?" 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்ததும், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியதும், 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை எழுந்ததும், 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்ததும் எமது விழா மலர்களில் தவறாது இடம்பெறும் செய்திகள். அக்காலத் துண்டுப்பிரசுரங்கள் சைவ வழிபாட்டை எவ்வாறு ஏளனம் செய்தன என்பதை அம்மலர்கள் எழுதுவதில்லை. ஆகவே அயலிலுள்ள வாசிகசாலையின் ஓய்வுபெற்ற சைவ ஆசிரியர் ஒருவரை அழைத்து, ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட சைவதூஷணபரிகாரம் என்னும் மறுப்பு நூலின் வாதத்தை விளக்குமாறு வேண்டினோம். பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்த நாவலர், பலியும் தூபமும் விளக்கும் குருத்துவமும் பழைய ஏற்பாட்டிலேயே விதிக்கப்பட்டிருக்க, அவற்றையொத்த சைவக் கிரியைகளை எந்த நியாயத்தில் பழிக்கிறீர்கள் எனக் கேட்டதை, ஐயா எமது ஆலயத்து வேதாகமத்தையே கையிலெடுத்து லேவியராகமத்தைப் புரட்டிக் காட்டினார். எம்மில் பலர் அந்த அதிகாரங்களை அன்றுதான் முதன்முறை வாசித்தோம். கிறிஸ்துவின் ஒரே பலியில் அவை நிறைவேறின என்ற எபிரெயர் நிருபத்தின் மறுமொழியைக் குருவானவர் கூற, ஐயா அதை ஏற்காமலேயே மரியாதையுடன் கேட்டிருந்தார். பின்னர் தேநீருடன் ஒரு மணித்தியாலம் கதைத்தோம். மற்றச் சமயத்தாரை ஆலய வளவுக்குள் பேசவிட்டது குறித்து எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. 1947இல் தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதற் பேராயரான சபாபதி குலேந்திரன் அவர்களே அருட்கோட்பாட்டைக் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்பிட்டு நூல் எழுதியவர் என்பதை அவ்விரு கடிதங்களுக்கும் பதிலாக எழுதினேன்.

ஆனி மாதத்தில் சட்டத்தரணி ஒருவர், அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் வழங்குவதையும், 10ஆம் உறுப்புரை விரும்பிய சமயத்தை மேற்கொள்ளும் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்வதையும் விளக்கினார். "காசு கொடுத்து மதம் மாற்றுகிறீர்களாமே" என்ற கேள்வியும் அன்றே எடுக்கப்பட்டது. நற்செய்தி கூறுவதென்பது ஒரு பிச்சைக்காரன் மற்றொரு பிச்சைக்காரனுக்கு அப்பம் கிடைத்த இடத்தைச் சொல்வதே என்ற இலங்கை மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ் அவர்களின் விளக்கத்தை ஒருவர் நினைவூட்டினார். பொதி கொடுத்துப் பெயர் பதிகிற குழுக்கள் எவையும் இல்லையென நாம் வாதிட முடியாது என்பதையும் கூட்டம் ஒப்புக்கொண்டது. யூரியூப், ரிக்ரொக் காணொளிகளுக்கு மறுமொழிக் காணொளி தயாரிக்கும் உபகுழு இரண்டு முறை கூடிக் கலைந்தது.

கார்த்திகை இறுதியில் பெய்த பெருமழையில் எமது மண்டபத்திலும் வெள்ளம் ஏறியதால் கரோல் ஆயத்தம் நின்றது. அயற் பிள்ளையார் கோவில் மடத்தில் நடந்த சமையலுக்கு எமது அங்கத்தவர்கள் அரிசியும் பருப்பும் கொண்டுசென்று, மூன்று நாள் சேர்ந்து பொதி கட்டினார்கள். வட்ஸ்அப் குழுவில் படம் போடக்கூடாதென்று தலைவர் இட்ட கட்டளையே இவ்வாண்டு எமது சங்கத்தில் வழங்கப்பட்ட ஒரே உத்தரவு எனலாம். வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இனி, எழுதத் தயங்கிய பகுதி. பெட்டியிலிருந்த துண்டுகளில் பெரும்பாலானவை சாதியையும் சீதனத்தையும் பற்றியவை. ஆவணிக் கூட்டத்தில் ஒரு தங்கை, "சாதி பார்த்துச் சம்பந்தம் பேசுற சபைக்கு நான் என்னெண்டு என்ர சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு வாறது, ஐயா?" என்று கேட்டபோது எவரிடமும் மறுமொழி இருக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமையில் சீதனம் பெண்ணுக்குரிய சொத்தே. இன்று மாப்பிள்ளை வீட்டார் டொனேசன் என்று காசாகக் கேட்டு வாங்குவதற்கு அதில் இடம் தேடுவது வீண் என்று சட்டத்தரணி எடுத்துக்காட்டினார். அதன்பின் "சங்க அங்கத்தவர்கள் தமது திருமணத்தில் டொனேசன் கேட்பதுமில்லை, சாதியைக் காரணங்காட்டிச் சம்பந்தத்தை மறுப்பதுமில்லை" என்ற தீர்மானம் முன்மொழியப்பட்டது. பெற்றோரின் கருத்தை அறியவேண்டுமென ஒத்திவைத்தோம். புரட்டாதியில் பெற்றோருக்கென வைத்த கூட்டத்துக்கு ஏழு பேரே வந்தார்கள். ஐப்பசியில் மீண்டும் ஒத்திவைத்தோம். அந்த ஒத்திவைப்பை முன்மொழிந்தவன் நானே. என் தம்பியின் கலியாணப் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது.

அத்தீர்மானம் இன்றைய நிகழ்ச்சிநிரலில் புதிய நிர்வாகத் தெரிவுக்கு முன்னதாக இடம்பெற்றுள்ளது. அதை இம்முறை நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவரை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்