நிலம் எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து: அதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வீடு-மனை இணைப்பிதழில் தனி வீடு நல்லதா, அடுக்குமாடி நல்லதா என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. வயதானவர்களுக்குத் தனி வீட்டில் பாதுகாப்பு இல்லை, பராமரிப்பும் கையைக் கடிக்கும், அதனால் காலாகாலத்தில் அடுக்குமாடிக்குப் போய்விடுவதே மேல் என்று முடித்திருந்தார்கள். நான் இரண்டிலும் இருந்து பார்த்தவள். அந்தப் பக்கத்தில் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், கேமரா எல்லாம் இருந்தன. வாங்குகிறவருக்கு நிலம் எவ்வளவு வரும், தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற இரண்டும் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் சுருக்கிக்கொள்ளுங்கள். கணக்குகளை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். 1991இல் 1,800 சதுர அடி மனை வாங்கி, 1994இல் கட்டினோம். எனக்குத் தபால் நிலையத்தில் கவுன்ட்டர் வேலை. என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். இரண்டு பேருடைய பி.எஃப். கடனும் என் பத்துப் பவுனும் அந்தச் சுவர்களில் இருக்கின்றன. அப்போது தெருவில் நாலே வீடு. மழைக்காலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவோம். தாழ்வான இடம் என்று தெரிந்துதான் அவர் இரண்டரை அடி பேஸ்மட்டம் போட்டு, மூன்று படி ஏறி வருகிற மாதிரிக் கட்டினார்.

2022 நவம்பரில் அவர் காலமானார். தனியாக இருக்க வேண்டாம் என்று மகள் என்னை அழைத்துப்போனாள். பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம், ஒன்பதாவது மாடி. 2023 பிப்ரவரியிலிருந்து பதினான்கு மாதம் அங்கே இருந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. முழங்கால் வலிக்காரிக்கு லிஃப்ட் எவ்வளவு பெரிய உதவி என்பது மாடிப்படி ஏறித் துணி உலர்த்தினவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் கீழே வேப்பமரத்தடி பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்போம். துக்கத்தோடு போன என்னைத் தேற்றியது அந்த பெஞ்சுதான். ஒரு நாள் மகளும் மாப்பிள்ளையும் வெளியூர் போயிருந்தபோது, நடு ராத்திரியில் எனக்குத் தலை சுற்றிக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதிர் வீட்டுப் பெண்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் வாரம் ஒருமுறை அவளோடு போனில் பேசுகிறேன். அடுக்குமாடியில் யாரும் யாரையும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் கணக்கு வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு கட்டில் வாங்க அறையை அளந்தோம். மாப்பிள்ளையிடம் டேப் இல்லை, என் தையல் டேப்பை எடுத்தேன். ஒரு அறையை அளந்த கையோடு முழு வீட்டையும் அளந்துவிடலாமே என்று தோன்றியது. ஐந்தடி டேப். நான் ஒரு முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டே போனார். பேத்தி நோட்டில் எழுதினாள். ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, குளியலறைகள், நடை, உள்சுவர் எல்லாம் கூட்டினால் 793 சதுர அடி. வாங்கும்போது சொன்னது 1,180. மீதி லிஃப்டிலும் படிக்கட்டிலும் தாழ்வாரத்திலும் பால்கனியிலும் கிளப் ஹவுஸிலும் இருக்கிறது. மாப்பிள்ளை மறுபடியும் கூட்டிப் பார்த்தார். அப்புறம் அலமாரியிலிருந்து பத்திரத்தை எடுத்தார். அதில் கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பு, எவ்வளவு என்று ஒழுங்காகத்தான் போட்டிருந்தது. 2016ஆம் வருஷ ரியல் எஸ்டேட் சட்டம் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. விளம்பரத்தில் பார்த்த எண்தான் மனசில் பதிந்திருந்தது என்றார். மாதாமாதம் கட்டும் பராமரிப்புப் பணமும் 1,180க்குத்தான். சதுர அடிக்கு நாலு ரூபாய் வீதம் 4,720 ரூபாய்.

அதே பத்திரத்தில் இன்னொரு எண் இருந்தது. பிரிபடாத பாகம், அதாவது யு.டி.எஸ்., 390 சதுர அடி. "இதுதான் அத்தை நமக்கு நிலம்" என்றார் மாப்பிள்ளை. அவ்வளவு கடன் வாங்கி, இருபது வருஷம் தவணை கட்டி, மண்ணில் கிடைப்பது அவ்வளவுதான். அதையும் இந்த மூலை என்று காட்ட முடியாது. கட்டடம் வருஷத்துக்கு வருஷம் பழசாகும், நிலம்தான் நாளைக்குப் பேசும். முப்பது நாற்பது வருஷம் கழித்து அந்தக் கட்டடத்தை இடித்துக் கட்ட வேண்டி வந்தால், உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்த எண்தான் சொல்லும். முன்பு அப்படி இடித்துக் கட்டுவதற்கு எல்லா உரிமையாளரும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1994ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். பாழடைந்த கட்டடத்தில் ஒரே ஒருவர் முரண்டு பிடித்து மற்றவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நிலைமைக்கு இது நல்ல தீர்வுதான். ஆனால் எண்பது வயதில் ஒரு பாட்டி 'நான் இங்கேயே இருந்துவிட்டுப் போகிறேனே' என்று சொன்னாலும், மற்றவர்கள் போதுமான பேர் சேர்ந்தால் அவரும் கிளம்பத்தான் வேண்டும். வாங்கும்போதே இது தெரிந்திருக்க வேண்டாமா?

இனி தண்ணீர். 2015 டிசம்பரில் எங்கள் வீட்டு ஹாலில் மூன்றடித் தண்ணீர். ஃப்ரிட்ஜ் மிதந்தது, கல்யாண ஆல்பம் கூழாயிற்று, இரண்டு பீரோ துருப்பிடித்தது. வீட்டுப் பத்திரமும் என் பென்ஷன் காகிதங்களும் ஒரு ரெக்ஸின் பெட்டியில் பரண்மேல் இருந்ததால் தப்பின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நான் ஒன்பதாவது மாடியில் இருந்தேன். இந்த முறை நமக்குக் கவலை இல்லை என்று நிம்மதியாகத்தான் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். அன்று மாலையே மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரும் மின்பலகையும் கீழ்த்தளத்தில், அதாவது தரைக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில். அங்கே தண்ணீர் புகுந்ததும் லிஃப்ட் நின்றது, மோட்டார் நின்றது, குழாயும் நின்றது. தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்பில் வெள்ளத் தண்ணீர் கலந்துவிட்டது. நாலு நாள்.

ஏழாவது மாடியில் ஒரு பெரியவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். இரண்டாம் நாள் அவர் போயே ஆக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, இடுப்போடு ஒரு வேட்டியால் கட்டி, நாலு பையன்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். படிக்கட்டில் இருட்டு. முன்னால் ஒரு பெண் செல்போன் வெளிச்சம் காட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெரியவர் ஒவ்வொரு தடவையும் அவர்களைப் பார்த்துக் கைகூப்பினார். கீழே இடுப்பளவுத் தண்ணீரில் படகுக்காகக் காத்திருந்தார்கள். மேல்மாடி பத்திரம் என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுத வேண்டும். ஜெனரேட்டரும் மின்பலகையும் எந்தத் தளத்தில் இருக்கின்றன என்று வீடு பார்க்கப் போகிற எத்தனை பேர் கேட்கிறார்கள்?

2019 கோடையில் நடந்தது நேர் எதிர். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் அநேகமாக வறண்டு கிடந்தன. மகள் வீட்டில் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்தான் குழாய் திறப்பார்கள். அதுவும் லாரித் தண்ணீர், லாரி வந்தால்தான். சனிக்கிழமை ஆனால் இரண்டு பை நிறைய துணியோடு மகள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். எங்களுடையது இருபத்தைந்து அடி உறைக்கிணறு. 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று வந்தபோது, பலர் ஒரு குழாயைப் பேருக்குச் செருகிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் மொட்டை மாடித் தண்ணீர் முழுவதும் கூழாங்கல்லும் கரியும் மணலும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரிச் செய்தார். வருஷா வருஷம் ஆடி மாதம் அந்த மணலை எடுத்து அலசிக் காயவைத்துப் போடுவார். அந்த 2019 ஜூனிலும் எங்கள் கிணற்றில் அடியில் இரண்டு உறைக்குத் தண்ணீர் நின்றது. மோட்டார் போட்டால் கலங்கிவிடும் என்று வாளி விட்டுத்தான் இறைத்தோம். எதிர் வீட்டு அடுக்குமாடியிலிருந்து ஆறு பேர் குடத்தோடு வந்தார்கள். எல்லோருக்கும் போதுமானது இருந்தது என்று சொல்ல மாட்டேன், யாரையும் வெறுங்குடத்தோடு அனுப்பவில்லை.

தனி வீட்டின் குறையையும் மறைக்கப் போவதில்லை. மிக்ஜாமில் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் புகுந்திருந்தது. தெருவில் சாலை போடும் ஒவ்வொரு தடவையும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டு, மூன்று படி ஏறி வந்த வீடு இப்போது ஒரு படி இறங்கி வருகிற வீடாகிவிட்டது. மூன்றாவது வீட்டுக்காரர் சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து வீட்டையே நாலடி தூக்கியிருக்கிறார். எனக்கு அதற்கு வசதி இல்லை. மழை பெய்தால் சாரைப்பாம்பு வரும். கதவு நிலையில் கரையான். தனியாக இருக்கும்போது இரவு கேட் சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடும்.

இதெல்லாம் தெரிந்துதான் போன வருஷம் ஒரு பில்டர் வந்தார். என் மனையையும் பக்கத்து மனையையும் சேர்த்தால் 3,600 சதுர அடி. ஆறு வீடு கட்டி, எங்கள் இருவருக்கும் மூன்று, அவருக்கு மூன்று. எனக்கு ஒரு வீடும், இன்னொரு வீட்டின் பாதி விலையும். மரியாதையாகத்தான் பேசினார். நான் தபால் ஆபீஸில் பாரம் படித்தே காலம் தள்ளினவள், எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். படித்ததில் தெரிந்தது இது: மனை 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ அந்தத் திட்டத்தை ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை. 3,600 சதுர அடி என்பது 335 சதுர மீட்டர்கூட இல்லை. அதாவது நம் தெருக்களில் பழைய வீட்டை இடித்துவிட்டு எழும்பும் சின்னக் கட்டடங்கள் பலவும் அந்தப் பதிவுக்கு வெளியே நிற்கின்றன. பெரிய திட்டத்தில் வீட்டை ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் கோளாறு வந்தால் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டிப்போடுகிறது. நம் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று கேட்டேன். அதெல்லாம் நம்பிக்கைதான் அம்மா என்றார். கிணறு என்ன ஆகும் என்று கேட்டேன். தூண் வரும் இடம், மூடிவிடுவோம் என்றார். முழுசாக என் பேரில் இருக்கும் 1,800 சதுர அடி, 600 சதுர அடிப் பாகமாக மாறும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவருக்கு மகள் கல்யாணம் இருக்கிறது. அவருடைய நியாயமும் நியாயம்தான்.

பயத்துக்கு வேறு வழி பண்ணிக்கொண்டேன். மாடியில் இருந்த ஒற்றை அறையோடு ஒரு சமையலறையும் குளியலறையும் சேர்த்துக் கட்டி, கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தம்பதிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். பகலில் குழந்தை என்னிடம் இருக்கும், இரவில் மாடியில் விளக்கு எரியும். மழைக்காலத்தில் என் கட்டிலும் பெட்டியும் மேலே போய்விடும்.

எல்லோரும் என்னைப் போலச் செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. என் தங்கை ஒரு அடுக்குமாடியின் முதல் தளத்தில் சந்தோஷமாக இருக்கிறாள். அவள் பிரிபடாத பாகத்தையும் சம்ப் எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கினாள். என் மாப்பிள்ளைக்கு அந்தக் கேள்விகளை யாரும் சொல்லித்தரவில்லை. அவர் உங்கள் இணைப்பிதழைப் பார்த்துத்தான் அந்த வீட்டைத் தேடிப்போனார்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இணைப்பிதழில் எந்தக் குடியிருப்பைப் பற்றி எழுதினாலும், விளம்பரமே போட்டாலும், ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். கார்பெட் ஏரியா எவ்வளவு, பிரிபடாத பாகம் எவ்வளவு, தண்ணீர் குடிநீர் வாரியக் குழாயா, ஆழ்துளைக் கிணறா, லாரியா, மின்பலகை எந்தத் தளம். நாலு வரிதான். விளம்பரதாரர் கொடுக்க மறுத்தால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அச்சிடுங்கள், வாசகர் புரிந்துகொள்வார்.

ஆடி வருகிறது. தொட்டி மணலை எடுத்து அலச வேண்டும். இந்த வருஷம் மாடி வீட்டுப் பையன் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் துறை ஊழியர்,
மடிப்பாக்கம், சென்னை - 91