கொலைக்குக்கூட வருகிற நண்பன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். போனில் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் அது அம்மா கைக்குப் போய்விடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். பர்மிங்ஹாமில் இப்போது நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வேலை விட்டு வந்து வீட்டில் முடங்கிக் கிடப்பானேன் என்று பக்கத்துத் தெருவில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிற குழுவில் சேர்ந்திருக்கிறேன், உடை தைக்க. எல்லாம் பதிமூன்று, பதினாலு வயசு. என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், முதலில் சுருக்கென்றது, இப்போது பழகிவிட்டது.

எடுத்திருப்பது 'எவ்ரிமேன்', பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஆங்கில நாடகம். சாவு, சொத்து, நற்செயல் எல்லாம் அதில் ஆட்களாகவே வரும். கடவுள் சாவை அனுப்பி ஒருவனைக் கணக்குப் புத்தகத்தோடு கூட்டிவரச் சொல்கிறார். அவன் ஆயிரம் பவுண்டு தருகிறேன் என்கிறான், பன்னிரண்டு வருஷம் கிடைத்தால் கணக்கைச் சரிபண்ணிவிடுவேன் என்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. சரி, துணைக்காவது ஆள் கிடைக்குமா என்று நண்பன், சொந்தக்காரர், சொத்து என ஒவ்வொருவராய்க் கேட்கிறான், எல்லாரும் கழன்றுகொள்கிறார்கள். சொந்தபந்தம் கடைசிவரை வராது என்று பட்டினத்தார் பாடியிருக்கிறாரே என்பீர்கள், தெரியும். ஆனால் அவர் பாவத்தையும் சேர்த்தல்லவா கூட அனுப்புகிறார், இங்கே நற்செயல் மட்டும்தான் குழிக்குள் கூட இறங்குகிறது.

நண்பன் வருகிற இடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குடிக்கக் கூப்பிடு வருகிறேன், பெண்களைத் தேடிப் போக வருகிறேன், யாரையாவது கொல்லணுமா அதற்கும் கைகொடுக்கிறேன், இந்தப் பயணத்துக்கு மட்டும் ஆளை விடு என்கிறான். சொந்தக்காரன் ஒருவன் கால் விரல் பிடித்துக்கொண்டது என்று நழுவுகிறான். இதையெல்லாம் மாற்றவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஒன்றே ஒன்று, கேட்பதெல்லாம் போனில். நீல டிக் விழுகிறது, பதில் வரவில்லை.

சொத்தையும் போனாகவே காட்டலாம் என்றான் ஒருவன். எனக்குப் பிடிக்கவில்லை, எதற்கெடுத்தாலும் போன்தானா? மூலத்தில் சொத்து பெட்டியில் பூட்டி, பையில் கட்டி, மூலையில் அசைய முடியாமல் கிடக்கும். அதனால் அட்டைப்பெட்டி பிரிக்காத விலையுயர்ந்த ஷூக்களை ஆளுயரம் அடுக்கி, நடுவில் ஒரு பையனை உட்கார வைத்திருக்கிறோம், அவன் சட்டையைக் கடைப் பைகளை வெட்டித் தைத்துக்கொண்டிருக்கிறேன். சாவு, பார்சல் கொண்டுவரும் பெண். இங்கே வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அட்டை வைத்துவிட்டுப் போவார்கள், இவள் போகமாட்டாள்.

கடவுளை என்ன செய்வது என்றுதான் பெரிய சண்டை. 2015-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் கடவுளைத் துப்புரவு வேலை செய்யும் பெண்ணாகவே காட்டியிருக்கிறார்கள். எங்கள் குழுவில் முஸ்லிம், சீக்கியர், எதையும் நம்பாதவர் எல்லாம் உண்டு, அதனால் பாதிரியார்களைப் புகழும் பகுதியையும், பாவமன்னிப்புக் கேட்டுத் தன்னையே சாட்டையால் அடித்துக்கொள்ளும் இடத்தையும் இயக்குநர் வெட்டிவிட்டார். அங்கேதான் சிக்கல். நற்செயல் எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லாமல் தரையில் கிடக்கிறாள், அவன் வருந்திய பிறகுதான் அவளுக்குக் கால் ஊன்ற வருகிறது. அதை எடுத்துவிட்டால் அவள் எதனால் எழுந்திருக்கிறாள்? உடையை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் அப்பா, இந்தக் கொக்கி கழன்றால் நாடகமே இல்லை என்று நானும் வாயைத் திறந்தேன். கடைசியில் பிள்ளைகளே வழி சொன்னார்கள்: பதில் போடாமல் அவன் விட்ட பழைய செய்திகளை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துப் பதில் சொல்லவேண்டும், ஒவ்வொரு பதிலுக்கும் அவள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிரவேண்டும். ஒத்திகையில் நன்றாகவே நிற்கிறது.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. நாடகம் தூதன் ஒருவன் வந்து கேளுங்கள் கேளுங்கள் என்பதில் தொடங்குகிறது, அது சப்பென்று இருக்கிறது. நம் தெருக்கூத்தில் வேஷக்காரர்களை அறிமுகப்படுத்தும் கட்டியக்காரனைப் பற்றிச் சொன்னேன், இயக்குநர் பிடித்துக்கொண்டார். கூத்துக்குப் பேர்போன புரிசைப் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்களைக் கேட்டு, திரைக்குப் பின்னால் வேஷக்காரர் நிற்கும்போது கட்டியக்காரன் என்ன பேச்சுக் கொடுப்பான் என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் நல்லது. அம்மாவிடம் வடகம் போதும், ஊறுகாய் வேண்டாம் என்று சொல்லுங்கள், பார்சலில் கசிந்துவிடுகிறது.

அன்புடன்,
உங்கள் மகள்