கொம்பை அப்புறம் பார், உடம்பை முதலில் பார்

தம்பி,

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு உன் மாமனார் தெற்கு டெக்சாஸில் இருக்கிற ராஞ்சுக்கு, அதாவது பண்ணைக்கு, வரச் சொல்லியிருக்கிறார், மான் வேட்டைக்கு என்ன துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். துப்பாக்கி எதுவும் வாங்காதே. அவர் வீட்டில் நாலைந்து இருக்கும், அதில் உனக்குப் பழக்கமாகிற ஒன்றைக் கொடுப்பார். நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கு. அதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே. போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சாஸில் வேட்டைக்குப் போக ஹன்டர் எஜுகேஷன் சான்றிதழ் வேண்டும். உன் வயதுக்கு ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். வெளிமாநிலத்துக்காரன் என்பதால் லைசென்சும் தனி, விலையும் கூடுதல். ராஞ்ச் வாசலில் போய் நின்றுகொண்டு செல்போனில் தேடாதே. அங்கே சிக்னலே இருக்காது.

போகிற வழியில் கொட்டுல்லா என்கிற ஊரைத் தாண்டினதும் நிலம் மாறிவிடும். கண்ணுக்கெட்டிய வரை முள். மெஸ்கீட் என்பது நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி, தழையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கீழே சப்பாத்திக்கள்ளி. காய்ந்த ஊர்தான், மழை பொய்க்கிற வருடங்கள் அதிகம். ஆனால் பெரிய கொம்புள்ள வெள்ளைவால் மானுக்கு அமெரிக்கா முழுக்கப் பேர்போன இடம் அதுதான். ஏன் என்று கேட்டால் பலர் மண், சத்து, பரம்பரை என்று அடுக்குவார்கள். எல்லாம் உண்மைதான். நான் முதலில் சொல்வது வேலியையும் பொறுமையையும்.

டெக்சாஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நிலம் தனியாருடையது. மான் சட்டப்படி மக்கள் சொத்து, ஆனால் வாசல் சாவி நிலக்காரர் கையில். சின்ன நிலமாக இருந்தால், நீ விட்டுவைத்த மானைப் பக்கத்து நிலத்துக்காரர் மறுநாளே சுட்டுவிடுவார். அதனால் யாரும் விட்டுவைப்பதில்லை. பல்லாயிரம் ஏக்கர் உள்ள ராஞ்சில் ஒரு மான் தன் வாழ்நாளை வேலிக்குள்ளேயே கழிக்க முடியும். 'இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று சொல்ல அங்கேதான் இடமிருக்கிறது. மானின் கொம்பு ஆட்டுக்கொம்பு மாதிரி நிலைத்திருப்பதில்லை. பருவம் முடிந்ததும் உதிர்ந்து, வசந்தத்தில் மறுபடி முளைத்து, சில மாதத்திலேயே முழு அளவுக்கு வளர்ந்துவிடும். முதல் மூன்று நான்கு வருடம் தின்பதில் பெரும்பங்கு எலும்புக்கும் சதைக்கும் போகிறது. அப்புறம்தான் கொம்புக்கு மிச்சம். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் கொம்பு உச்சத்துக்கு வரும். மழையை நாம் வாங்க முடியாது, பரம்பரையை மாற்ற முடியாது. வயதைக் கொடுப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. அதற்குச் செலவும் கிடையாது, விசையை இழுக்காமல் இருந்தால் போதும்.

அதனால், உன் மாமனார் 'பெரிய மான்' என்று சொல்வது முதிர்ந்த மானை. நீ எதைச் சுட்டாய் என்பதைவிட எதை விட்டுவைத்தாய் என்பதைத்தான் அவர் கவனிப்பார்.

எப்படித் தெரியும்? புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் கொம்பைப் பார்க்கிறார்கள். காதுக்கு வெளியே கொம்பு விரிந்திருந்தால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். நீ கொம்பைக் கையால் மறைத்துவிட்டுப் பார். ஒன்றரை வயதுக்காரன் ஒல்லியாக, கால் நீளமாக, பெட்டை மானுக்குக் கொம்பு ஒட்டினாற்போல் இருப்பான். மூன்றரை வயதுக்காரன்தான் ஏமாற்றுவான். இணை சேரும் பருவத்தில் கழுத்து தடித்திருக்கும், கொம்பும் பார்வையாக இருக்கும். ஆனால் கழுத்து தோளில் சேருகிற இடத்தில் ஒரு கோடு தெளிவாகத் தெரியும், வயிறு ஒட்டியிருக்கும். ஐந்தரைக்கு மேல் போனால் அந்தக் கோடு மறைந்து கழுத்தும் நெஞ்சும் ஒன்றாகிவிடும். நெஞ்சு கனத்து வயிறு தொங்குவதால் கால் குட்டையாகத் தெரியும். முதுகு லேசாகக் குழிந்திருக்கும். பின்னங்கால் முட்டியின் உட்புறச் சுரப்பி கறுத்து, கறை கீழே வரை வழிந்திருக்கும். எல்லாவற்றையும்விட, அவன் வந்தால் மற்ற ஆண் மான்கள் ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த 'அரை' எதற்கு என்று கேட்பாய். அந்தப் பக்கம் குட்டிகள் பெரும்பாலும் ஜூலையில் பிறக்கின்றன, வேட்டை குளிர்காலத்தில். அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துச் சொல்வது மதிப்பீடுதான். பல்லைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் நிச்சயம். மான் ஆராய்ச்சியில் என் மேசைக்கு வருவது கீழ்த்தாடை எலும்பு. ஒன்றரை வயதில் மூன்றாவது முன்கடைவாய்ப்பல் இன்னும் பால்பல்லாக, மூன்று மேடுகளோடு இருக்கும், அல்லது அப்போதுதான் விழுந்துகொண்டிருக்கும். அதற்குப் பதிலாக முளைப்பதில் இரண்டே மேடுகள். அது வரைக்கும் சந்தேகமே இல்லை. அதற்குமேல் தேய்மானக் கணக்கு. பல்லின் வெள்ளை எனாமலுக்கு நடுவே பழுப்பாக ஒரு கோடு தெரியும். அது அகலமாக அகலமாக வயது கூடுகிறது. முதல் கடைவாய்ப்பல்தான் முதலில் தேயும். மணல் பூமியில் மேய்கிற மானுக்குச் சீக்கிரம் தேயும் என்பதால் நானே 'ஐந்தரையோ ஆறரையோ' என்றுதான் எழுதுவேன். அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதே.

ஒரு விஷயம், சாப்பாட்டு மேசையில் பேசாதே. மோசமான கொம்புள்ள மான்களைச் சுட்டுத் தீர்த்தால் அடுத்த தலைமுறைக்கு நல்ல கொம்பு வரும் என்று உன் மாமனார் சொல்லக்கூடும். அந்த ஊர்க்காரர்களுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை. திறந்தவெளி மான்களில் எங்கள் ஆராய்ச்சி ஆட்களே வருடக்கணக்காகச் சுட்டுப் பார்த்து ஆராய்ந்ததில் அப்படி எதுவும் மாறவில்லை. மான் தொகை குறைந்தது, மிச்சமிருப்பதற்குத் தீனி கூடியது, அது வேறு. ஆனால் சம்பந்தி வீட்டில் இதையெல்லாம் போய் நிரூபிக்க வேண்டாம்.

சோளத்தை இறைத்துவிட்டுச் சுடுவது வேட்டையா என்று உன் அப்பா முணுமுணுக்கிறார். அந்த முட்புதரில் சோளமும், செண்டேரோ என்று வெட்டி வைத்திருக்கிற நீளப் பாதையும் இல்லாவிட்டால், பத்தடி தள்ளி நிற்கிற மானே கண்ணில் படாது. தனியார் நிலத்தில் சட்டம் அதை அனுமதிக்கிறது, எனக்கும் அதில் உறுத்தலில்லை. பட்டியில் வளர்த்த மானை வேட்டைக்கு முன்னால் வேலிக்குள் இறக்கிவிட்டுச் சுடுகிறார்களே, அதைத்தான் என்னால் சகிக்க முடியாது. உன் மாமனார் அந்த ரகமில்லை.

காலையில் இருட்டோடு பிளைண்டில், அதாவது மறைந்திருந்து பார்க்கிற பரணில், ஏறிவிடுங்கள். ஏணியில் ஏறும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்துதான் சுடலாம். முதலில் பெட்டைகளும் குட்டிகளும் வரும், பிறகு இளவட்டங்கள். கிழவன் சோளத்துக்கு வரமாட்டான். டிசம்பர் நடுவிலும் கடைசியிலும் பெட்டையின் பின்னால் அலைகிறபோதுதான் பகலில் வெளியே தலைகாட்டுவான். கொம்புகளை மோதிச் சத்தமெழுப்பிக் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் சண்டையிடுகிறார்கள் என்று பார்க்க வருவான், ஆனால் பெரும்பாலும் காற்றின் கீழ்ப்புறமாகச் சுற்றி, மோப்பம் பிடித்துக்கொண்டுதான் வருவான். அந்தப் பக்கத்தை ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்குகிற நாள் கிடைத்தால் விடாதே.

சுடுவதானால் பக்கவாட்டில் நிற்கும்போது சுடு. தோளுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். பின்னால் வேறு மான் இருக்கிறதா என்று பார். ஓடிவிட்டால் உடனே பின்னால் பாயாதே, அரை மணி நேரம் உட்கார். இரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். பச்சையும் நாற்றமுமாக இருந்தால் குடல், பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். மானைக் கண்டதும் லைசென்ஸிலிருந்து டேக் என்கிற சீட்டை வெட்டி, நிரப்பி, அதன்மேல் கட்டு. குடலை எடுப்பதை நீயே செய், ராஞ்ச் ஆளிடம் தள்ளிவிடாதே. வெயிலடித்தால் குளிர்காலத்திலும் பாம்பு வெளியே வரும், புதருக்குள் கை வைக்குமுன் பார்.

சுட மனமில்லையா, அதை முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடு. பைனாகுலரோடு கூட உட்கார்ந்தாலே அவருக்குச் சந்தோஷம்தான். அங்கே போய்க் கை நடுங்கிக் காயப்படுத்துவதுதான் தப்பு.

அப்பத்தாவுக்கு மட்டும் போட்டோ அனுப்பிவிடாதே. அவருக்கு மான் என்றால் கோடியக்கரை வெளிமான். 1972 சட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் அதைத் தொட்டால் ஜெயில். அதே வெளிமானும் புள்ளிமானும் டெக்சாஸில் கொண்டுவந்து விடப்பட்டு, இன்று வேட்டைக்குக் கிடைக்கின்றன என்பதை அவருக்கு விளக்க என்னால் ஆகாது.

தலையை அப்படியே விமானத்தில் எடுத்துவர நினைக்காதே. மான்களை உருக்கிக் கொல்கிற சி.டபிள்யூ.டி. நோய் 2012இல் டெக்சாஸில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து கெடுபிடி அதிகம். மூளை, முதுகுத்தண்டு ஒட்டிய எதையும் பல மாநிலங்கள் உள்ளே விடுவதில்லை. கறியை எலும்பு நீக்கி உறையவைத்து எடுத்துப்போ. முதுகுச் சதையை அதிகம் வேகவிடாதே, மிளகும் நெய்யும் போதும். தின்று தீர்க்க முடியாததை 'ஹன்டர்ஸ் ஃபார் த ஹங்க்ரி' மூலம் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடலாம், உன் மாமனாருக்கு வழி தெரியும்.

கீழ்த்தாடையை மட்டும் ராஞ்சிலேயே சுத்தம் செய்து, தேதி எழுதிக் கட்டி வைக்கச் சொல். ஜனவரியில் அந்தப் பக்கம் வருகிறேன், பார்த்துச் சொல்கிறேன். அவர் என்ன வயது சொன்னார் என்பதை அதற்கு முன் என்னிடம் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா