பிள்ளை கொஞ்சம் தடுமாறட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் எங்கள் ஒழுங்கையில் பின்னேரத்தில் ஒரு பிள்ளையையும் காணக் கிடைக்காது. எல்லாரும் ரியூசனில். என் பேத்தியும்தான். ஒருநாள் அவளுடைய கொப்பியைப் புரட்டினேன். விரித்து வைத்த சதுரமுகியின் (ஆறு சதுர முகமுள்ள பெட்டியின்) படம், கீழே சிவப்பு மையில் "ஒன்று விட்டு அடுத்தது எதிர்ப்பக்கம்." மூன்று, நாலு சதுரம் வரிசையாக நின்றால் அது சரி. ஆனால் சதுரமுகியை 11 விதமாக விரிக்கலாம். அதில் படிக்கட்டுப் போல இறங்கும் ஒன்றில் எங்கேயும் மூன்று சதுரம் வரிசையில் வராது. அதைக் கீறிக் கொடுத்தேன். சூத்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிள்ளை அழுதுவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவளை ரியூசனுக்கு விடவில்லை. விறாந்தையில் சோக்கால் 64 கட்டம் கீறி, எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை அழித்தேன். மிச்சம் 62. கட்டம் இரண்டை மூடும் அளவில் 31 பனையோலைத் துண்டுகள் நறுக்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் மூட முடியுமா என்று கேட்டேன்.

அன்று முழுக்க அடுக்கினாள், கலைத்தாள். ஒவ்வொரு முறையும் இரண்டு கட்டம் எங்கோ தனித்து நின்றன. என் வாய் துறுதுறுத்தது, சொல்லவில்லை. ஞாயிறு காலை, செஸ் பலகை போல வடிவாக இருக்கட்டும் என்று கட்டம் விட்டுக் கட்டம் அடுப்புக்கரி பூசத் தொடங்கினாள். பாதியில் கை நின்றது. "அம்மம்மா, நீங்கள் அழிச்ச ரெண்டும் கறுப்பு. ஓலை ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும்தானே மூடும்? கறுப்புக் காணாது!" கறுப்பு 30, வெள்ளை 32. எப்படி அடுக்கினாலும் முடியாது.

இது பழைய புதிர். உளவியல் ஆய்வாளர்களான கிரேக் கப்லனும் ஹேர்பேர்ட் சைமனும் இதை வைத்து ஆய்வு செய்து 1990இல் எழுதினார்கள். வெறும் கட்டம் கிடைத்தவர்கள் அதிக நேரம் திண்டாடினார்கள். அடுத்தடுத்த கட்டங்களில் 'பாண்', 'பட்டர்' என்று மாறிமாறி எழுதிக் கொடுத்தபோது விடை விரைவில் பிடிபட்டது. மனத்துக்குள் ஓர் உருவைத் திருப்பிப் பார்ப்பது ஒரு வேலை. அந்த உருவையே விட்டுவிட்டு வேறொன்றை வைத்துப் பார்ப்பது வேறு வேலை. 'எங்கே வைப்பது' என்றிருந்த கணக்கு என் பேத்திக்குள் 'எந்த நிறம் எத்தனை' என்று மாறியது, கரி பூசிய கை நின்ற அந்த இடத்தில்தான்.

2010இல் மீள்குடியேற வந்தபோது எங்கள் காணியே எங்களுக்குத் தெரியவில்லை. மாமரம் இல்லை, வேலி இல்லை, கூரை இல்லை. இரண்டு தரம் கடந்து போய்விட்டோம். அப்புறம் என் கணவர் வீட்டைத் தேடுவதை விட்டுவிட்டுக் கிணற்றைத் தேடினார். பற்றைக்குள் கட்டு தெரிந்தது. அதிலிருந்து அடி அளந்து, இது குசினி, இது சாமியறை என்று நடந்து காட்டினார்.

32 வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். நேரம் காணாது என்று நானும் சூத்திரத்தை முதலில் எழுதிப் போட்டதுண்டு. இப்போது கவலையாக இருக்கிறது. ரியூசன் ஆசிரியர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: சிவப்புப் பேனையை எடுக்க முதல் பிள்ளைக்கு ஒரு வெறும் சோக்குப் பெட்டியும் கத்தரிக்கோலும் கொடுங்கள். அரை மணித்தியாலம் பேசாமல் இருங்கள். பெற்றோரும் அந்த அரை மணித்தியாலத்துக்குக் கணக்குக் கேட்காதீர்கள்.

ஓய்வுநிலை ஆசிரியை,
முள்ளியவளை.