மேளம் கேட்கப் பிள்ளைகளை அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பங்குனி உத்திரத் திருவிழாவுக்குக் கொடியேறும் நாள் நெருங்கிவிட்டது. ஆண்டுத் தேர்வும் கூடவே வருவதால், இரவில் பிள்ளைகளை வெளியே விடலாமா என்று உங்களில் பலர் வகுப்பாசிரியர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். விடுங்கள் என்பதே என் பதில். ஐந்தாம் நாள் இடப வாகனப் புறப்பாட்டுக்குக் கட்டாயம் விடுங்கள். மறுநாள் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை முதல் இரண்டு பாடவேளைகளில் எந்தத் தேர்வும் வைக்க மாட்டோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த ஓர் இரவு போதும். பொதுத்தேர்வு முடிந்த பிறகு நம் ஊரில் கல்யாண மேளத்துக்கா பஞ்சம்?

ராட்டினம் சுற்றவும் பஞ்சுமிட்டாய் தின்னவும் பிள்ளைகளுக்கு யார் சிபாரிசும் வேண்டாம். நாதஸ்வரக்காரர்களுக்கு நாலடி தள்ளி நின்று கேட்பதற்குத்தான் இந்தச் சிபாரிசு.

சைக்கிள் மிதித்துப் போகும் தூரத்தில் இருக்கிறது நரசிங்கம்பேட்டை. அங்கே செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல காலம் காய்ந்து இறுகிய ஆச்சா மரத்தைத்தான் அங்குள்ள ஆசாரிமார் விரும்பி வாங்குகிறார்கள். யாரோ ஒருவர் வீட்டு உத்தரம்தான் நம் சன்னிதித் தெருவில் தோடி ராகம் பாடுகிறது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்; உண்மை அதுதான். பக்கத்திலேயே திருவாவடுதுறை, நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாழ்ந்த ஊர். குட்டையான, சுருதி கூடிய திமிரி நாதஸ்வரம் கோலோச்சிய காலத்தில் நீண்ட பாரி நாதஸ்வரத்தைப் பரப்பியவர் அவர். அதை அவருக்குச் செய்துகொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. வாசித்தவர், செய்தவர் இருவரும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். எந்த நகரத்து சபாவுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?

சுவாமி புறப்படும்போது வாசிக்கும் மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. கம்பீர நாட்டை ராகமும் தவிலின் கணக்கும்தான். தீர்த்தம் கொண்டுவரும்போது ஒன்று, தளிகை என்னும் நைவேத்தியம் எடுத்துவரும்போது ஒன்று, தேருக்கு ஒன்று என்று மல்லாரியிலேயே பல வகை. வீட்டில் அடுப்படியில் இருந்தபடியே, கோயிலில் இப்போது என்ன நடக்கிறது என்று காதால் தெரிந்துகொண்ட பாட்டிமார் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு பேரப்பிள்ளைகளை உட்கார வையுங்கள். வகுப்பறையில் எங்களால் இதைச் சொல்லித்தர முடியாது.

வடக்கு வீதி திரும்பியதும் சுவாமியை நிறுத்தி, இரண்டு தவில்காரர்கள் மாறிமாறித் தனி வாசிக்கும் இடத்தைக் கவனித்திருப்பீர்கள். டீக்கடைக்காரர் பாலை இறக்கிவைத்துவிட்டு வருகிறார். பூக்கட்டுகிறவர், டிராக்டர் ஓட்டுகிறவர், அன்று கச்சேரி இல்லாத பக்கத்து ஊர் மேளக்காரர்கள் எல்லோரும் ஒரே வட்டத்தில் நின்று தொடையில் தாளம் போடுகிறார்கள். தாளம் தப்பிய கையை ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தால் போதும், அது தானாகத் திருந்திவிடும். வாசிப்பை முடித்துவைக்கும் நல்ல தீர்மானம் விழுந்ததும் யாரோ சோடாவை உடைத்து நீட்டுகிறார், யாரோ துண்டு போர்த்துகிறார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட அந்த வட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் மறுபடி பேசுவதில்லை, அது வேறு விஷயம்.

எங்கள் கணித ஆசிரியர் இந்த வாரம் மீச்சிறு பொது மடங்கை ஆதி தாளத்தில் நடத்துகிறார். எட்டு எண்ணிக்கைத் தாளத்துக்குள் ஐந்து ஐந்தாகச் சொல்லிக்கொண்டு போனால் இரண்டும் நாற்பதில் சேரும். தவில்காரர் அதை எப்படிச் சேர்க்கிறார் என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறோம்.

பெண் பிள்ளைகளை அந்த வட்டத்துக்குள் விட வேண்டாம் என்று சில வீடுகளில் தடுக்கிறீர்கள். மதுரை பொன்னுத்தாய் நாதஸ்வரம் வாசித்தே பேர் பெற்றவர். காலிஷாபி மெகபூப், ஷேக் மெகபூப் சுபானி தம்பதி 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றதும் இதே வாத்தியத்துக்காகத்தான். கூட்டத்துக்குப் பயப்படுவதாக இருந்தால், எங்கள் ஆசிரியைகள் மூவர் அன்றிரவு வடக்கு வீதியில் இருப்பார்கள். அவர்களிடம் விட்டுச் செல்லுங்கள்.

மேளக் குடும்பத்துப் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. சேர்க்கைப் படிவத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதுகிறீர்கள். நாதஸ்வரக் கலைஞர், தவில் கலைஞர் என்றே எழுதுங்கள். பிள்ளை அதைப் படித்துத்தான் கையெழுத்து வாங்கி வருகிறான்.

விழாக்குழுவில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு கோரிக்கை. சுவாமி வீதியில் இருக்கும்போதே தெருமுனையில் ஒலிபெருக்கியைத் திறந்துவிடுகிறார்கள். அதன் பிறகு வாசிப்பவர் மூச்சைப் பிடித்து ஊதியும் பயனில்லை. கேட்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்துவிடுகிறார்கள். சுவாமி கோயிலுக்குத் திரும்பி, ஊஞ்சலும் லாலியும் முடியும்வரை அதை நிறுத்திவையுங்கள். பாட்டுக்கச்சேரி அப்புறம் விடியவிடிய நடக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை.

வாசிக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளுக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரம், தவில் இரண்டுக்கும் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. விவரம் அலுவலக அறையில் கிடைக்கும்.

சிறு பிள்ளைகளைத் தவிலுக்கு நேர் எதிரே நிறுத்த வேண்டாம், காது வலிக்கும். தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்புங்கள். இத்துடன் உள்ள சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு, பிள்ளையை அழைத்துப் போக யார் வருவார்கள் என்பதையும் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்